நார்க்கட்டி

நார்க்கட்டி என்றார் டாக்டரம்மா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இதைக் கேட்டுச் சிரிக்கிறாளே என்று
நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

பின்னே என்னங்க,
நெகமத்துக்கு மேற்கே நார் மில்லில்
ஒன்பது வருசமாய்க் கட்டி அமுக்குகிறேன்.
மட்டையடித்து நார் பிரித்தது போக
மிச்சத் துகளை மெஷினில் போட்டால்
ஐந்து கிலோக் கட்டி.
கப்பலேறிப் போகும்,
எந்தத் தேசத்துத் தக்காளிச் செடிக்கோ.
தன் எடைக்கு எட்டு மடங்கு தண்ணீர் குடிக்கும்.

என்னதையும் குடித்திருக்கிறது.
மாசிக் கடைசியில் ஒருநாள்
களத்தில் துகள் கிளறும்போது
தொடை வழியே இறங்கியது, சூடாய்.
குனிந்து பார்க்கவில்லை.
காலாலேயே துகளைத் தள்ளி மூடினேன்.
மூன்று எட்டு போய்த் திரும்பிப் பார்த்தால்
ஒன்றும் நடக்காத மாதிரிக் கிடந்தது தரை.

மாதத்தில் பதினோரு நாள்.
இரண்டு துணி, நடுவில் பஞ்சு, மேலே கருநீலச் சேலை.
பஸ்ஸில் இடமிருந்தாலும் நின்றே வந்தேன்.
உடம்புச் சூடு என்று வெந்தயம் முழுங்கினேன்.
மூச்சிரைத்தால் நார்த்தூசி என்றேன்.
ஏனென்றே தெரியாமல்
முந்தியில் முடிந்த பச்சரிசியை மென்றுகொண்டே இருந்தேன்.
வெளுத்துட்டயே திலகா என்றவளிடம்
பவுடர் மாத்திட்டனுங்க்கா என்றேன்.

ரத்தம் ஆறு புள்ளி நாலு.

சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார் டாக்டரம்மா:
கவிழ்த்த பேரிக்காய், அதில் மூன்று வட்டம்.
நெல்லி, நெல்லி, எலுமிச்சை என்றார்.
நான் குரும்பையாக்கி எண்ணிக்கொண்டேன்.
"புத்துநோயிங்களா?"
"இல்லீங்க. இது அந்த வகையே இல்ல.
உங்க மில்லுலயே பாதிப் பேருக்கு இருக்கும்,
தெரியாம இருப்பாங்க.
சுவத்துல இருக்கற ரெண்டும் சும்மா கெடக்கும்.
உள்ளே எட்டிப் பார்க்குதே இந்தச் சின்னது,
இதுதான் வம்பு."

எங்கள் வளவிலும் அப்படித்தான்.

"பையையே எடுத்துருங்,
அதோட வேலைதான் முடிஞ்சுருச்சே" என்றார் வீட்டுக்காரர்,
ஓடாத மோட்டாரைக் கழற்றச் சொல்கிற குரலில்.
டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.
"எடுக்கலாம். எடுக்காமலும் பார்க்கலாம்.
உங்க பை. நீங்க சொல்லுங்க."

நாற்பத்தொரு வருசத்தில்
என்னுடையது என்று யாரும் காட்டாத ஒன்றை
நான் என்ன செய்வேன்?
ஒரு வாரம் தவணை கேட்டேன்.

அந்த வாரமும் அடுத்த மாதமும்
கையில் கருஞ்சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாய் ஏறியது.
இரும்பாம்.
பச்சரிசி ஆசை ஒருநாள் போயே போய்விட்டது,
சொல்லாமல் கொள்ளாமல்.

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில்
வயிற்றைக் கிழிக்காமல் கீழிருந்தே குழாய் விட்டு
வம்பை மட்டும் சுரண்டி எடுத்தார்கள்.
பரிசோதனைக்குக் கொண்டுபோக
மூடி போட்ட டப்பாவை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள்.
இரண்டு மாடி இறங்கினார், எதிர்வெயிலில் போகிறவர் போல
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
நான் பிறகு கேட்டேன், எப்படி இருந்துச்சுங்?
வெகுநேரம் யோசித்துச் சொன்னார்:
"உங்க மில்லு நாராட்டவேதான். வெள்ளையா."

மற்ற இரண்டும் என்னோடு இருக்கின்றன.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்
வளர்ந்தனவா என்று பார்க்க வேண்டும்.
தீட்டு நிற்கிற வயதில் அவையும் சுருங்குமாம்.
வளர்ந்தால்? அப்போது பை வேண்டாமென்பேனோ என்னவோ.
அதையும் நான்தான் சொல்வேன்.

இன்று களத்தில், ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்மனி
காலால் துகளைத் தள்ளுவதைப் பார்த்தேன்.
அந்தத் தள்ளல் எனக்குத் தெரியும்.
அவள் பேச்சு எனக்கு வராது.
விரலை விரித்துக் கேட்டேன், எத்தனை நாள்?
இரண்டு கையையும் விரித்தாள்,
மடக்கி, மறுபடியும் மூன்று விரல்.

சூப்பர்வைசர் மகுடீஸ்வரன் கத்துகிறான்,
நாளைக்கு ரெண்டு பேருக்கு லீவா, லோடு நிக்குதே என்று.
நிற்கட்டும்.
பொள்ளாச்சி டவுன் பஸ்ஸில்
எங்கள் இருவருக்கும் டிக்கெட் இலவசம்.
உட்கார்ந்தே போவோம்.