நண்டுக்கு எச்சரிக்கை இல்லை

எங்கள் ஊர், டியார்க்கின் சைக்கிள் கடைக்குக் கீழே
நிலவறையில் இருக்கிறது.
பிளம் ஜாம் புட்டிகளுக்குப் பக்கத்தில்
ஒரு பழைய கணினி, ஒற்றை நீல விளக்கு.
மாடிவீட்டில் துணி துவைக்கும் எந்திரம் வேகமாகச் சுற்றினால்
சில நாள் ஃபியூஸ் போகும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்
அப்போது ஒருசேர வாய் மூடுவோம்.

பிரேமர்ஹாஃபனில் ராத்திரி ரொட்டி சுடுபவள் நான்.
மாவு உப்பும் நாற்பது நிமிடத்தில்
கையைத் துடைத்துவிட்டுப் புகார்ப் பெட்டியைத் திறப்பேன்.
சம்பளம் கிடையாது.
மின்கட்டணம் டியார்க்குக்கு,
விதிகள் நுர்ஜானுக்கு
(ஒன்பது எழுதிவிட்டாள், பத்தாவதில் சண்டை),
அதிகாலைகள் எனக்கு.

பெரும்பாலும் அற்பம்.
வேகவைத்த நண்டின் படத்தை
எச்சரிக்கை போடாமல் யாரோ இட்டுவிட்டார்.
காலையில் நான் நண்டு முகத்திலா விழிப்பது
என்று ஒரு புகார்.
இன்னொருவர் அடுத்தவரின் நாயைக் குண்டு என்றாராம்.
படம் பார்த்தேன். குண்டுதான்.
இருவருக்கும் தனித்தனியாக எழுதி முடிப்பதற்குள்
மாவு பொங்கித் தரையில் கிடந்தது.

ஹெட்டா தினமும் நாலு பத்துக்கு எழுதுவாள்:
காற்று வடமேற்கு. வேசரில் ஆறு மணிக்கு ஏற்றம்.
முழங்கால் வலிக்கிறது, ஆகவே மழை.

நவம்பரில் ஒரு ராத்திரி
பக்கத்துச் சர்வரிலிருந்து பதினோரு பேர்
அவள் மேல் இறங்கினார்கள்.
அவள் கழற்றிப் போட்ட பழைய பெயரைத் தோண்டியெடுத்து
ஒவ்வொரு வானிலைக்கும் கீழே நட்டுவைத்தார்கள்.
ஒருவனைத் தடுத்தால் அடுத்தவன்.
அந்த ஊர் நிர்வாகிக்கு எழுதினேன்.
"எங்கள் இடத்தில் எல்லோருக்கும் வாய் உண்டு"
ஒரே வரி, சிரிப்பு முகத்தோடு.

நாலாயிரம் பேர் அங்கே.
பதினோரு சோற்றை நசுக்கிப் பார்த்து
அத்தனை பெரிய பானைக்குப் பதம் சொல்லலாமா?
ஒரு ரொட்டி கருகினால்
தட்டைத் திருப்பி வைப்போம்,
அடுப்பை இடிப்பதில்லை.
டியார்க் தூங்கிக்கொண்டிருந்தான்.
நுர்ஜான் எடுக்கவில்லை.
பொத்தான் கேட்டது: உறுதியாகவா?
நாற்பத்தாறு தொடர்புகள் அறும், மீளாது.
கட்டைவிரலில் மாவு ஒட்டியிருந்ததால்
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

அன்றைக்கு ரொட்டி நன்றாக வந்தது.
கர்வமாகவே இருந்தேன்.

மூன்றாம் நாள் என் மேல் ஒரு புகார்.
எழுதியவள் ஹெட்டா.
"அந்தப் பதினோரு பேரும் எனக்குப் புதிதில்லை,
பள்ளிக்கூடத்திலேயே பார்த்தவர்கள்தான்.
ஓஸ்தாப்பும் அந்த ஊர்தான்.
நான் மழை என்றால்
அவன் தன் ஜன்னலைப் படமெடுத்துப் போடுவான்.
வேறு பேச்சில்லை, இரண்டு வருஷமாக.
என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

நடுவர் மேல் வரும் புகாரும்
நடுவரின் பெட்டிக்கே வந்து விழுகிறது.
எந்திரத்தின் குறை என்றான் டியார்க்.
மூன்றே பேர் நடத்தும் எந்த ஊரிலும்
அப்படித்தான் விழும் என்று நினைக்கிறேன்.
நுர்ஜானிடம் தள்ளிவிட்டேன்.
அவள் பத்தாவது விதியை எழுதினாள்:
ஒருவரைக் காப்பாற்றும் முன் அவரைக் கேட்கவும்.
"அவர் தூங்கிக்கொண்டிருந்தால்?" என்றான் டியார்க்.
அங்கேயே நிற்கிறது சண்டை.

துண்டித்ததை அடக்கிவைத்ததாக மாற்றினோம்.
அவர்களின் கூச்சல் வாசல் தாண்டாது,
தேடிப் போகிறவர் போகலாம்.
அறுந்த நாற்பத்தாறு தானாக முளைக்கவில்லை.
ஓஸ்தாப்பைப் பின்தொடர
ஹெட்டா மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள்.
நிலுவையில் என்கிறது திரை.

இன்று நாலு பத்து.
காற்று தெற்கு, முழங்கால் பரவாயில்லை என்கிறாள்.
கீழே ஜன்னல் எதுவும் இல்லை.
பேக்கரி ஜன்னலை நான் படமெடுத்தேன்.
ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.
போடலாமா என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து
அழித்துவிட்டேன்.

பெட்டியில் புதிதாக ஒன்று.
நண்டு, மறுபடியும்.
இந்த முறை இரண்டு.