குத்தூசி

பேக்கட்டைக் கிழித்தால் பணம்.
டாக்டர் வாய்விட்டுச் சொல்லும்வரை
நான் எதையும் கிழிப்பதில்லை.

எண் ஏற ஏற ஊசி இளைக்கும்.
இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று.
இருபத்தைந்து, மயிரிழை.
முன்சிறுகுடல் வளைவில் குனிந்து போகும்.
பத்தொன்பது, முரடு.
நேர்வழியென்றால் நிறைய அள்ளும்,
குழாய் மடங்கினால் அங்கேயே நின்றுவிடும்.
இருபத்திரண்டில் இரண்டு ரகம்.
சாய்வாய்ச் சீவிய பழைய முனை உறிஞ்சும்.
மூன்று பல் வைத்த கிரீடம் அறுக்கும்.
கிரீடத்தின் விலையைச் சொன்னால்
கூட வந்தவர்கள் நாற்காலியின் கைப்பிடியைத் தேடுவார்கள்.

சென்றாயன், ஐம்பத்தெட்டு, பாலக்கோடு.
கேழ்வரகு மண்டியில் தரம் பார்ப்பவர்.
இரைப்பைச் சுவரின் நான்காம் படலத்தில்
திரையில் கறுப்பாக ஒரு நாவல்பழம்.
மேலே சவ்வு வழவழவென்று
ஒன்றுமறியாத முகத்தோடு இருந்தது.
முன்பு இரண்டு தடவை கிள்ளிப் பார்த்தார்கள்,
இரண்டு தடவையும் மேல்தோல்தான் வந்தது.

கையெழுத்து வாங்கும்போது கேட்டார்:
"எந்த ஊசிம்மா?"
வலிக்குமா என்பார்கள். எவ்வளவு ஆகும் என்பார்கள்.
எந்த ஊசி என்று ஒருவரும் கேட்டதில்லை.
அட்டைப்பெட்டியில் அச்சிட்ட படத்தைக் காட்டினேன்.

"அட, நம்ம குத்தூசி.
ஒல்லியா இருந்தா ஓரத்துத் தூசிதான் வரும்,
நடு மூட்டையில கல்லு கிடந்தா தெரியாது.
அகலமா இருந்தா விவசாயி கத்துவான்,
சாம்பிள்னு சொல்லி அரைப்படி அள்ளுறியேடான்னு.
ரெண்டுக்கும் நடுவுல இருவது வருசம் நின்னுட்டேன்."
மாதம்மாள் அவர் முழங்கையை இடித்தாள்:
"டாக்டரம்மாவுக்குத் தெரியாதா?
சும்மா இருங்க."

அலமாரியில் கிரீடம் ஒன்றே ஒன்று.
அதன்மேல் என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு:
திங்கள், கோவிந்தி, ஊத்தங்கரை, கணையம்.
அதனால் டாக்டர் தமயந்தி பழைய முனையில் தொடங்கினார்.
குத்தினார். உள்ளேயே முன்னும் பின்னும் பத்து முறை.
நான் சிரிஞ்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.
கண்ணாடித் தகட்டில் தேய்த்தால் ரத்தம்.
இன்னொரு குத்து, உறிஞ்சாமல்.
அதிலும் ரத்தம், ஓரத்தில் கொஞ்சம் சளி.

நுண்ணோக்கியிலிருந்து தலை எடுக்காமல் ஹாரூன் சார் சொன்னார்:
"கதிர் மாதிரி செல் நாலஞ்சு இருக்கு, உதிரியா.
எந்த வகைன்னு கேட்டா
சாயம் போட எனக்குச் சதை வேணும் மேடம்."

மானிட்டரில் துடிப்பு எழுபத்தாறு.
டாக்டர் அலமாரியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.
"ரெஜினா, கிழி."

இரண்டே குத்து.
ஃபார்மலின் புட்டிக்குள் இறங்கியது ஒரு நூல்,
வெள்ளையும் சிவப்புமாய், நகத்தளவு நீளம்.
அறுந்துவிடுமோ என்று
நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:
"ஓட்டை?"
"தானா மூடிக்கும்."
"கோணிக்கு நாங்க ஊசி முனையாலயே தேச்சு விடுவோம்,
சணல் சேந்துக்கும்."
கட்டைவிரலால் போர்வையில்
தேய்த்துக் காட்டினார், குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை.

ஒன்பதாம் நாள் ஹாரூன் சாரின் தாள் வந்தது,
சாயம் பிடித்திருந்தது, கட்டிக்குப் பெயர் கிடைத்தது.
அறுவையா மாத்திரையா என்று
டாக்டர் அவர்களோடு அரை மணி நேரம் பேசினார்.

கோவிந்தியின் கதை வேறு.
நான் போனில் கெஞ்சி, சேலத்திலிருந்து
புதுக் கிரீடம் பஸ்ஸில் ஏறியது.
தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மூன்று மணி நேரம்.
கண்டக்டர் பார்சலை நீட்டியபோது
பிரசாதம் போல இரு கையால் வாங்கினேன்.
அந்தக் கட்டியோ வளைவுக்கு அப்பால் இருந்தது.
குழாயை எப்படித் திருப்பியும் கோணம் சரிப்படவில்லை.
டாக்டர் மயிரிழையைக் கேட்டார்,
அது குனிந்து போய் எடுத்து வந்தது.

என் நோட்டில் தேதி, ஊசி, குத்து, வந்தது என்று நான்கு கட்டம்.
கோவிந்தியின் வரியில் எழுதியிருக்கிறேன்:
இருபத்தைந்து. ஒன்று. போதும்.
கிரீடம் இன்னும் அலமாரியில்தான்,
பஸ் டிக்கெட் ஒட்டிய உறையோடு.