ஒன்றுக்குப் பதில் ஏழு

டுலூத்தில் ஜனவரி. செவ்வாய், காலை ஏழு மணி.
ஏரி தெரியவில்லை.
ஏரி இருக்க வேண்டிய இடத்திலிருந்து
வெள்ளைப் புகை மட்டும் எழும்புகிறது.
பௌலிங் கூடத்தின் பின்னறையில்
இளம் தொழிலர் வட்டம் கூடுகிறது.
வருடச் சந்தா இருநூற்று நாற்பது டாலர்.
காப்பிக்குத் தனி.

ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி, அதுதான் விதி.
வீடு விற்க ஒருத்தி,
பல் பிடுங்க ஒருவன்,
கூரைப் பனி தள்ள ஒருவன்.
கணக்கு எழுதுபவனின் நாற்காலி
மூன்று மாதமாய்க் காலி.
குளிர் பொறுக்காமல் அரிசோனா போய்விட்டானாம்,
மெத்தையை மறந்துவிட்டு.
அவன் அமுக்கிவைத்த பள்ளத்தில்
நான் உட்கார்ந்தேன்.

ஆளுக்கு நாற்பது விநாடி.
பிரிகிட் கையில் முட்டை வேகவைக்கும் கடிகாரம்.
'ஓவன் ஸ்ட்ராண்ட். சின்னக் கடைகளுக்கு
வரவு செலவு எழுதுகிறேன்,
ஒரு சென்ட் பிசகாது.'
சொல்லி முடித்தபோது
முப்பத்தொரு விநாடி மிச்சமிருந்தது.
எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள்.
நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன்.

பிறகு கைகுலுக்கல்.
முகத்துக்கு முன் மார்பைப் படித்தார்கள்,
அங்கே ஒட்டியிருந்த பெயரை.
குலுக்கிக் குலுக்கி
என் உள்ளங்கை யாருடையதோ ஆகிவிட்டது.
தடித்த தாளில்
எழுத்து மேடாய்த் தட்டுப்படும்படி
ஐந்நூறு அட்டை அடித்திருந்தேன்.
அச்சுப்படியை இருமுறை படித்து
நானே கையெழுத்திட்டேன்.

அறுபத்திரண்டு கொடுத்தேன். எண்ணிக்கொண்டுதான் கொடுத்தேன்.
'கட்டாயம் கூப்பிடுகிறேன்' என்றார்கள்.

ஐந்து வாரம்.
போனைக் குளியலறைக்கும் எடுத்துப்போனேன்.
அது குளிர்ந்த மீன் மாதிரி கிடந்தது.
இந்தச் சிரிப்பெல்லாம்
சந்தாவில் அடக்கம்போலும் என்று
ஒவ்வொரு செவ்வாயும் கொஞ்சம் கொஞ்சமாய்
அவர்களை வெறுக்கக் கற்றுக்கொண்டேன்.
அதற்கும் ஏழு மணிக்குத் தவறாமல் போனேன்.

ஆறாம் செவ்வாய்
கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.
ஆரஞ்சுச் சட்டை, முழங்கை வரை கிரீஸ்,
பூட்ஸிலிருந்து உதிர்ந்த பனி
கம்பளத்தில் ஊறியது.
மார்பில் பெயர் இல்லை.
'இங்கே கணக்கப்பிள்ளை யார்?'

பனியில் புதைந்த வண்டிகளை
இரவெல்லாம் இழுத்துப் போடுகிறவள்.
பகலில்தான் தூக்கம்.
'உன் அட்டையில் கடைசி எண் ஏழு.
அந்த ஏழு நான்' என்றாள்.
என் எண் ஒன்றில் முடியும்.

பெட்ரோல் ரசீதின் பின்புறம்
ஒன்பது பெயர், ஒன்பது எண்,
தூக்கக் கலக்கத்தில் சாய்ந்த எழுத்து.
பூக்கடைக்கு வரிப் பாக்கி.
பல் டாக்டருக்குப் புதுக் கிளை, அவசரம்.
'இந்த ஆள் மூன்று தடவை.'

கூரைப் பனிக்காரன் காது சிவந்தான்.
'ஒரு பொம்பளை திட்டினாளா,
ஓவனின் மனைவி என்று நினைத்துவிட்டேன்.
வீட்டு விஷயம், எப்படிக் கேட்பது?'

அறை குலுங்கியது.
அடுத்த அறையில் யாரோ காலையிலேயே
பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்தார்கள்.
ஒரு சென்ட் பிசகாதவன் நான்
மெத்தைப் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

பிரிகிட் கடிகாரத்தைத் திருகினாள்.
'உங்களுக்கும் நாற்பது விநாடி.'
உட்காராமலே சொன்னாள்:
'ஐலா நிஸ்கனன். வண்டி மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுங்கள்.
வரி மாட்டிக்கொண்டால் தயவுசெய்து இவனைக் கூப்பிடுங்கள்.'
ஒன்பது விநாடி.
யாருக்கும் குறைவாய்ப் படவில்லை.

வண்டி இழுக்கும் நாற்காலி அதுவரை அங்கில்லை.
பௌலிங் கூடத்திலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார்கள்,
காலில் சக்கரம் ஒன்று குறைவு.

மிச்ச அட்டைகளை எறியப் போனேன்.
'நல்ல தாள், கொண்டா' என்றாள்.
என் பெயரை ஒரே கோட்டில் அடித்து
மேலே தன் பெயரை எழுதி
நெடுஞ்சாலைப் பள்ளங்களில்
நடுங்கி நிற்பவர்களுக்குக் கொடுக்கிறாள்.
எண் சரியாகத்தானே இருக்கிறது.

மார்ச்சில் அவள் கணக்கு என்னிடம் வந்தது,
ஷூ பெட்டி நிறைய எண்ணெய் மணக்கும் ரசீதுகளாய்.
செலவுப் பத்தியில் எழுதினேன்:
விளம்பர அட்டை, நானூற்று முப்பத்தெட்டு.
விலை, பூஜ்யம்.