நாடாவின் மறுமுனை

ஊனா கில்ராய் என்று சொன்னாள்.
எங்களுக்குச் சிரிப்பு.
ஆனா ஆவன்னா ஈனா ஈயன்னா,
அடுத்தது இவளா?
அயர்லாந்தில் பிள்ளைக்கு
எழுத்தையே பேராய் வைப்பார்களாம் என்று
பெரட்டுக்களம் முழுக்கப் பேச்சு.

கார்பைடு கேட்டு வந்திருந்தாள்.
கோலாலம்பூரில் ஞாயிறு கடையடைப்பு.
பால்வெட்டுக்காரி நெற்றியில்
விடியும்வரை எரிவதும் அதே விளக்கு,
அதே தகரம், அதே பூண்டு நாற்றம்.
அரை டப்பா கொடுத்தேன்.
வாங்கியும் போகாமல் நின்றாள்.
ஆள் ஒன்று வேண்டுமாம்,
அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க.
நாளுக்கு ஐந்து வெள்ளி.

ஐந்து வெள்ளிக்கு நான்
எமன் வீட்டு வாசலையும் அளப்பேன்.

பத்துமலைக்கு அந்தப் பக்கம்
முருகன் கண்படாத சின்னக் குன்று.
படியில்லை, உண்டியல் இல்லை.
அதன் வாயில் தோட்டத்து ஆடுகள் மழைக்கு ஒதுங்கும்.
ஆட்டுப் புழுக்கைக்கு அப்பால்
யாரும் போனதாகச் சேதி இல்லை.
அவள் படுத்தாள். தலையை நுழைத்தாள்.
கொஞ்ச நேரம் இரண்டு பூட்ஸ்.
அப்புறம் அதுவும் இல்லை.
என் கையிலிருந்த நாடா
மீன் கவ்விய தூண்டில் கயிறாய் ஓடியது.

ஒரு சொடுக்கு: விடு.
இரண்டு சொடுக்கு: நில்.
அவள் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை,
கிராணி திட்டுகிற இங்கிலீஷ் இல்லை அது.
எண்களை மலாயில் கத்துவாள்.
தீகா. லீமா. தூஜோ.
குகை திருப்பித் திருப்பிச் சொல்லும்,
வாய்ப்பாடு மறந்த பிள்ளைபோல.

மூன்றாம் நாள் நானும் நுழைந்தேன்.
வௌவால் எச்சம் கணுக்கால் புதைய,
அதன்மேல் கரப்பான்கள், தரையே நகர்வதுபோல.
சுவரில் வெளுத்த பாம்பொன்று
வௌவாலை விழுங்கிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
ஊனா ஒதுங்கி நின்று அதையும் எழுதினாள்:
மணி, நீளம், எந்தச் சுவர்.

சோற்று வேளையில் கேட்டேன், ஏன் இந்தப் பிழைப்பு?
பாதி மலாய், மீதி கை.
அவள் ஊர்த் தரையும் இதே சுண்ணாம்புக் கல்லாம்.
மழை விழுந்தால் ஓடாதாம்,
காணாமல் போய்விடுமாம்.
அப்பா தபால்காரர்.
சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்,
"எங்கே போகுது?"
அவருக்குத் தெரியவில்லை. பாதிரியாருக்கும்.
முப்பது வருஷமாய்
அந்தத் தண்ணீரின் பின்னால்தான் போகிறாள்.
குகைச் சங்கத்தில் பெண்களுக்கு
தேநீர் போடும் வேலை கொடுத்தார்களாம்.
போட்டு வைத்துவிட்டு
அவர்கள் குடித்து முடிப்பதற்குள்
அடியாழத்தைத் தொட்டுவிட்டு வந்தாளாம்.

அறுநூற்று எண்பது அடி.
ஒவ்வோர் அறைக்கும் பேர் வைத்தாள்.
ஆட்டுவாசல். கரப்பான் சந்தை.
கடைசி அறையில் எங்கிருந்தோ
கன்னத்தில் ஒரு குளிர்ச்சி.
என் பேரைக் கேட்டாள்.
காத்தாயி என்றேன்.
காத்து என்றால் என்னவென்று
வாயால் ஊதிக் காட்டினேன்.

அன்றிரவு காகிதத்தின் தலையில்
பழக்கதோஷத்தில் நான் ஒரு உ போட்டேன்.
இது என்ன என்றாள்.
உன் பேர் என்றேன்.
பிள்ளையார் கோபித்திருக்க மாட்டார்.

ஆறு வருஷம் கழித்து
அச்சடித்த வரைபடம் தபாலில் வந்தது.
மூலையில் இரண்டு பேர்கள், ஒரே அளவு எழுத்தில்.
அதற்குள் குவாரிக்காரன் சங்கு ஊதி ஊதி
குன்றில் பாதியைத் தின்றிருந்தான்.
மிச்சத்தை மறு வருஷம்.
குகை என்பது கல் இல்லாத இடம்;
சுற்றியிருந்த கல்லையே எடுத்துவிட்டால்
இல்லாதது எங்கே போகும்?
கிராணியைக் கெஞ்சி எழுதச் சொன்னேன்:
குன்று இப்போது இல்லை.

பதில் ஒற்றை வரி.
"நம் அளவுகள் சரியாகத்தான் இருக்கின்றன."

அந்தக் கல்லெல்லாம் நொறுங்கி
ஈப்போ ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது.
அதன்மேல்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்,
என் அறையின் சுவர்மேல், நின்றுகொண்டே.
பஸ்ஸில் கண்டக்டர்
ஒரு மணி அடித்தால் நிறுத்து,
இரண்டென்றால் போ.
எனக்கு இன்னும் தலைகீழ்.
இரண்டாம் மணிக்கு இறங்கக் கால் வைத்து
திட்டு வாங்காத வாரமில்லை.