பெரட்டு

காலை ஐந்தரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.
குரல் கொடுக்காதவனுக்கு அன்று கூலி இல்லை.
சிலிம் ரிவரில் அதற்குப் பெயர் பெரட்டு.

இரவு பதினொன்றுக்கு நானே கூப்பிட்டேன்
என் கடையின் பெயரை, தேடல் பெட்டியில்:
'வேதவல்லி அறுவடைக் கருவிகள்.'
முதல் பக்கத்தில் குரல் இல்லை.
இரண்டில் வேறொரு வேதவல்லியின் கல்யாணப் படம்.
மூன்றில் ஒரு பல் ஆஸ்பத்திரி.
ஆறாம் பக்கத்தின் அடியில்,
விலை தெரியாமல் பாதி அறுபட்டு,
என் அரிவாள்.

ஆறாம் பக்கத்துக்கு யார் வருவார்?
சதுப்புக்குப் பின்னால் கிடக்கும் கடைசி நெரைக்கு
மண்டோர்கூடப் போவதில்லை.

பதினான்கு வருடம் ஆலையின் எடைமேடையில் இருந்தவள் நான்.
லோரி ஏறும், எண் நிற்கும், சீட்டுக் கிழிப்பேன்.
குலைக்கடியில் மணல் கொட்டி வருகிறவனை
டயர் அமுங்கும் விதத்திலேயே கண்டுகொள்வேன்.
'ஏழே நாளில் முதலிடம் அக்கா,
மாதம் தொள்ளாயிரம் வெள்ளிதான்' என்று
கோலாலம்பூரிலிருந்து ஒரு பையன் பேசியபோது
போனிலேயே மணல் வாசம் அடித்தது.

பழைய மடிக்கணினி, பாவம்,
ஒரு படம் திறக்க ஒரு கோப்பி நேரம் கேட்கும்.
ரயிலேறித் தஞ்சோங் மாலிம் போனேன்.
ஹொக் செங் இரண்டைக் காட்டினான்.
ஒன்று மூவாயிரத்து இருநூறு; விசைக்கு விசை வானவில்,
திருவிழா ரதம் தோற்கும்.
மற்றது எழுநூற்று எண்பது;
ஏதோ வங்கி கழித்துக் கட்டியது, செங்கல் கனம்,
மூடியில் ஒட்டுத்தாள் சுரண்டிய தழும்பு.
'கேம் விளையாடுவியா?' என்றான் மலாயில்.
'அரிவாள் விற்பேன். நூறு படம், வரவு செலவு,
ஒரே நேரத்தில் முப்பது சன்னல்.'
'அப்ப தழும்பை எடு. நினைவைப் பதினாறாக்கித் தாரேன்.
வெளிச்சம் கணக்கு எழுதாது, நினைவுதான் எழுதும்.'
இருநூறு கூட்டிக் கொடுத்தேன்.
மிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு:
அரிவாளுக்கும் முகம் இருக்கிறது, படத்தில்
அது தெரிய வேண்டும்.

'உயர்தர அறுவடை உபகரணங்கள்' என்று
முகப்பில் எழுதி வைத்திருந்தேன்.
நல்ல தமிழ். பத்திரிகை அடிக்கிற தமிழ்.
எந்தக் குலைவெட்டி நடுராத்திரியில் அதைத் தட்டுவான்?
கோப்பிக் கடையில் லொம்போக் ஆள்களைக் கேட்டேன்.
சபரூடின் தன் போனை நீட்டினான்.
அவன் தேடியது, எழுத்துப் பிழையோடு,
கேள்விக்குறிகூட இல்லாமல், இவ்வளவுதான்:
சாபிட் மூணு நாளில் மழுங்குது ஏன்

ஏன் என்று எழுதினேன்.
கல்லில் பிடிக்கும் கோணம், மழைக்காலத்து மட்டை,
மலிவு இரும்பு நீலமாகும் இடம்.
மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று.
விற்கிற பேச்சே இல்லை, கடைசி வரியில்
என் எண் மட்டும்.
வரைபடத்தில் என் கடைக்குக் குத்தியிருந்த ஊசி
ஆற்றுக்குள் நின்றது. அதையும் கரையேற்றினேன்.

ஒரு மாதம். சத்தமில்லை.
அடுத்த மாதம் லஹாட் டத்துவிலிருந்து ஒருவர்;
விலை கேட்டுப் போனவர் போனவர்தான்.
மூன்றாவதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் அடித்தது.
'தேடினேன், உங்க கடைதான் முதல்ல வந்துச்சு.
ரெண்டு அரிவாள், ஒரு அலுமினியக் கழி.
எந்த ஊருங்க நீங்க?'
ஊரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
அப்போது ஒரு சேவல் கூவியது,
போனுக்குள் ஒரு தடவை,
என் பின்வாசலில் ஒரு தடவை.

வானம் வரை போய்த் திரும்பியிருக்கிறது என் பெயர்,
நாற்பது அடி தள்ளியிருக்கும் வீட்டுக்கு.

வேலிக்கு மேலே, போன மாதம் குடிவந்த
குணாளனின் தலை எழும்பியது:
'அக்கா, தபால் செலவைக் கழிச்சுக்குவீங்கல்ல?'