நாலு யூனிட் குறைவாக

இரவெல்லாம் கொட்டியிருக்கிறது.
சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால்
தபால் பெட்டி வரைக்கும் பாதை இல்லை,
பாதை இருந்ததற்கான லேசான பள்ளம் மட்டும்.

என் காலை அங்கிருந்து தொடங்குகிறது.
முழங்கால் உயரம், நாற்பது நிமிடம்.
ஈரப்பனி என்றால் இன்னும் இருபது.
ஓட்ஸ் கஞ்சிக்கு எட்டு யூனிட் போடும் கை
பேனாவின் திருகை நாலில் நிறுத்துகிறது.
மீதி நாலை
தோள்கள் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் மீட்டர்கள் சின்ன எண்களில் பேசுபவை.
எட்டு என்றால் பூட்ஸ் மாட்டலாம்.
நாலுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம்.
போன மார்ச்சில் மூன்றுக்கு இறங்கியபோது
பனிவாரியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்,
இது எதற்கு உதவும் சாமான் என்று
வெகுநேரம் யோசித்துக்கொண்டு.

ஜூஸ் டப்பாவை மேல்கோட்டுப் பையில் வைத்து
ஏமாந்த காலமும் உண்டு.
கூஹ்மோவின் மைனஸ் இருபதில் அது செங்கல்.
இப்போது குளுக்கோஸ் வில்லைகள்.
உள்சட்டைக்கும் கம்பளிக்கும் நடுவே
அவற்றோடு இன்சுலின், போன்.
மூன்றையும் அடைகாத்துக்கொண்டு
பெட்டைக்கோழி மாதிரி நடக்கிறேன்.

உடற்பயிற்சி நல்லது, தெர்ஹி, என்கிறார்கள்.
நல்லதுதான்.
ஆனால் எது பயிற்சி என்று
உடம்பிடம் யாரும் கேட்பதில்லை.
கம்பளத்தைத் தூக்கிப்போட்டு அடிப்பது,
விறகு அடுக்குவது, பஸ்ஸைத் துரத்துவது,
சானாவின் மேல்பலகையில் சும்மா உட்கார்வதும்கூட:
சூட்டில் மருந்து குதிரையாகிவிடும்.
ரெய்னோ இந்த வீட்டில் இருந்த நாட்களில்
படுக்கைக்கும் ஒரு பிஸ்கட் தேவைப்பட்டது.
அவன் சிரிப்பான். நான் மென்றுகொண்டிருப்பேன்.

பகலில் அள்ளிய பனிக்கு
அதிகாலை மூன்று மணிக்கு பில் வரும்.
காலியான தங்கள் டப்பாக்களைத் தசைகள்
அப்போதுதான் நிரப்பத் தொடங்கும்,
யாரிடமும் கேட்காமல்,
என் ரத்தத்தில் இருந்து.

சரி. இன்று எல்லாம் எண்ணியாயிற்று.
பூட்ஸ் கயிறு கட்டி, கதவைத் திறந்தால்
உறுமல்.

அவுலிஸின் டிராக்டர்.
வாசலில் இருந்து தபால் பெட்டி வரை
கத்தியால் வெட்டியதுபோல் பாதை.
ஓரங்கூட ஒதுக்கியிருக்கிறான்.
கையை உயர்த்துகிறான், நல்ல மனுஷன்.
நானும் உயர்த்துகிறேன்.
என்ன சொல்ல?
ஐயா, நீ வாரிக்கொண்டு போனது
என் நாலு யூனிட் என்றா?

பதினொன்று. அம்பு மேலே.
காபி ஆறுவதற்குள் பதிமூன்று.
ஊசி போடலாம்.
போடத்தான் வேண்டும் என்பாள் நர்ஸ் மைர்யா.
எனக்கு ரோஷம்.
கையில் வாரி வேறு சும்மா இருக்கிறது.

சானாவைத் தாண்டி ஏரிக்கு இறங்கினேன்.
அங்கே பனி யார் வழியிலும் இல்லை.
உறைந்த தண்ணீரின் மேல் ஒரு கோடு,
அதற்குக் குறுக்கே இன்னொன்று,
பிறகு வேகம் வந்துவிட்டது.
மூச்சு புருவத்தில் உறைந்து ஒட்டியது.
வாரிக்கு அடியில் கறுப்புப் பனிக்கட்டி
கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

சாலையில் டிராக்டரை நிறுத்திவிட்டு அவுலிஸ்
இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினான்:
அங்கே என்ன?
சர்க்கரை, என்று கத்தினேன்.
பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது.
தலையாட்டிவிட்டுப் போனான்,
என்ன கேட்டதோ.

கையுறையைப் பல்லால் உருவி
போனை வெளியே எடுத்தேன்.
ஒன்பது. அம்பு லேசாகச் சரிந்து கீழே.
எதிரில் யாருக்கும் தேவையில்லாத ஒரு சதுரம்,
ஒரு மூலை மட்டும் கோணல்.
பத்து வாரு வாரினால் நேராகிவிடும்.

அந்தப் பத்து வாரலின் விலை எனக்குத் தெரியும்.
கோணலாகவே விட்டுவிட்டு
மேட்டில் ஏறினேன்,
மெதுவாக.
மேடும் கணக்கில் உண்டு.