இருபத்திநாலு

எண்பத்தைந்தை விற்றது போன மாதம்,
மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரருக்கு.
கடைவாய்ப் பல்லுக்கும் வீட்டு வாடகைக்கும் அது கரைந்தது.
மிச்சம் இருப்பது இருபத்திநாலு மட்டும்.
குட்டை. முன்கண்ணாடி
மீன்கண் போல வெளியே புடைத்திருக்கும்.

ஜூம் கிடையாது அதற்கு.
என் செருப்புதான் ஜூம்.

பத்தடி தள்ளி நின்றால்
ஆள் ஒரு நெத்திலி, மீதியெல்லாம் வானம்,
கேபிள் வயர், யாரோ உலரப்போட்ட கைலி.
முகம் வேண்டுமென்றால் நடக்கணும்,
மத்தியானம் என்ன கறி என்று
மூச்சில் தெரிகிற தூரம் வரை.

முதல் வாரமே முட்டத்தில் ரெஜின் என்ற மாப்பிள்ளையை
கடல் தெரியட்டுமே என்று ஓரமாக நிறுத்தித் தொலைத்தேன்.
இடது காது பப்படம் போல் இழுபட்டு
பாறையைத் தொட்டுக்கொண்டு நின்றது.
அவன் அம்மா போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.
அன்று படித்தது:
முகத்தை நடுவில் வை.
இழுத்தாலும் வழக்குப் போடாதவற்றை ஓரத்துக்குக் கொடு.
பாறை. மேகம். மின்கம்பம்.

பிறகு கருங்கல்.
அண்டி ஆபீஸ் கேட்டுக்கு வெளியே, நாலரை மணி,
ரப்பர் மரங்களுக்கு இடையில் வெயில் சரிந்துகொண்டிருந்தது.
ரோஸ்லெட் சங்கத் தேர்தலில் பொருளாளருக்கு நிற்கிறாள்.
நோட்டீஸுக்குப் படம்.
"கழுத்துக்கு மேல எடுத்தா போரும், கேட்டியளா?"
கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

நான் ஒரு எட்டு வைத்தேன். அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள்.
இன்னொரு எட்டு. இன்னொன்று.
குருசடிச் சுவரில் அவள் முதுகு முட்டியபோதுதான்
நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.
பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.
"எளா, சாருக்க கேமராவுக்கு தூரப்பார்வை கெடையாது போல."

கேமராவை இறக்கினேன்.
உண்மைதான் என்றேன். எட்ட நின்றால்
இது உங்களைத் தொலைத்துவிடும், அதுதான்.

அவளே வந்தாள்.
புடைத்த கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள்.
"ஆபீஸ் முழுக்க இதுக்குள்ள கெடக்கு. நீங்களும் கெடக்கிய."
முடியை அதில் பார்த்தே ஒதுக்கினாள்.
பிறகு மண்ணில் செருப்பு நுனியால் ஒரு கோடு.
"நான் இஞ்ச. நீங்க அங்ஙன. தாண்டப்பிடாது."

பதிமூன்று எடுத்தேன், எல்லாம் கழுத்துக்கு மேல்.
ஒவ்வொன்றிலும் யாரோ அவளைத் திட்டிவிட்டுப் போன மாதிரி முகம்.
பதினாலாவதுக்கு
வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்து எல்லாம் வெளுக்க,
நான் கண்ணைச் சுருக்க,
"நில்லுங்க, நான் மறைக்கேன்" என்று
கையை நீட்டிவிட்டாள்.

இருபத்திநாலுக்கு அது போதும்.

திரையில் பாதிக்கு மேல் உள்ளங்கை.
தோட்டெண்ணெய் குடித்த விரல்கள்,
வெடிப்பு வெடிப்பாகக் கறுப்பு,
பெருவிரலில் நகம் பாதிதான்.
அதற்கு அப்பால், கொய்யாக்காய் அளவில், முகம்.
என்னைப் பார்த்து வெயிலுக்காக இரக்கப்படுகிற முகம்.

அழித்துவிடுகிறேன் என்றேன்.
அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.
"எனக்க கையா இது?"
"கிட்ட இருக்கிறதை இது பெருசாக்கும்."
"பெருசாட்டு ஒண்ணும் ஆக்கல்ல," என்றாள்.
"கெடக்கட்டும்."

பிரஸ்ஸில் ஸ்டீபன்சன் கையை வெட்டித் தருகிறேன் என்றாராம்,
முகம்தானே ஓட்டுக் கேட்கிறது.
"கை இல்லாம துட்டு எப்பிடிவே எண்ணுவேன்?"

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்,
பசை காயாத நோட்டீஸ், கழிவறைச் சுவரில்.
ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து
நில் என்கிற கை மட்டும்.
நின்றவர்கள் அப்புறம் கிட்ட வந்தார்கள்.
ஒருவர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி,
யாருக்க கை என்று தேடினார்.
நானும் போய் நின்றேன், காலடியில்
கோடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.